மீதி 11 மதிப்பெண் எங்கே? தொலைநிலைக் கல்வியில் கற்பிப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு நான் ஆலோசனை வகுப்பு (அவர்களுக்கான நேரடி வகுப்பு) எடுக்கும் மையத்துக்கு, குலசேகரத்துக்கு மேலே மலையடிவார ஊரிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தார். கையில், அவர் வீட்டிலிருந்து எழுதித் தந்து நான் திருத்திக் கொடுத்த ஒப்படைப்பு இருந்தது. அதன் முதல் பக்கத்தில் 30க்கு 19 என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். "டீச்சர், மீதி 11 மதிப்பெண் எங்கே போயிற்று என்று தெரிந்தால் அடுத்த முறை சரியாக எழுதிவிடுவேன்" என்றார். குறை சொல்லும் குரல் அல்ல அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பன்னிரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். ஒரு சொல்கூட நான் எழுதியிருக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்தவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவற்றையே இங்கே வரிசைப்படுத்துகிறேன். ஆலோசனை வகுப்பு எடுப்பவர்கள், ஒப்படைப்பு திருத்துபவர்கள், கல்வி மையத்தை நடத்துபவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன். பல்கலைக்கழகம் விதிகளை மாற்றும்வரை காத்திருக்க வேண்டிய எதுவும் இதில் இல்லை.

தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த அறிஞர் மைக்கேல் மூர், 1970களிலேயே ஒன்றைத் தெளிவாக்கினார். இந்தக் கல்வியில் தூரம் என்பது நிலத்தின் தூரம் மட்டும் அல்ல. ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வது குறையக் குறைய, பாடத்திட்டம் வளைந்துகொடுக்காமல் இறுகிப்போகப் போக, இருவருக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. குலசேகரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு பஸ் கடந்துவிடும். எழுதப்படாத அந்தக் குறிப்பு உண்டாக்கிய தூரத்தைக் கடக்க எந்த பஸ்ஸும் இல்லை.

முதல் படி: மாணவரின் நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள்

சேர்க்கை விண்ணப்பம் பெயர், முகவரி, முன்பு பெற்ற மதிப்பெண் ஆகியவற்றைக் கேட்கிறது. நமக்குத் தேவையானவை வேறு. முதல் வகுப்பிலேயே ஒரு பக்கத் தாளைக் கொடுத்து இவற்றை எழுதச் சொல்லுங்கள்: என்ன வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, வீட்டில் உள்ள செல்போன் யாருடையது, எப்போது உங்கள் கைக்கு வரும், கடைசியாகப் பாடம் படித்து எத்தனை ஆண்டுகள் ஆயின, பள்ளியில் எந்த மொழியில் படித்தீர்கள், வீட்டுக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆண்டில் எந்த வாரங்களில் புத்தகத்தைத் தொடவே முடியாது.

கடைசிக் கேள்விக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வரும் பதில்களைப் பார்த்தால், ஒரே கால அட்டவணையை எல்லாருக்கும் மாட்டிவிடுவது எவ்வளவு தவறு என்று புரியும். ரப்பர் பால் வெட்டுபவர் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிறார். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்க மதியம் நெருங்கிவிடும். இரவு எட்டு மணிக்கு இணைய வகுப்பு வைத்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். ஆனால் பிற்பகல் மூன்று மணி அவருக்கு நல்ல நேரம். கனமழை நாட்களில் வெட்டு இருக்காது. வருமானம் இல்லாத அந்த நாட்களில் படிப்பதற்கு நேரம் கிடைக்கும். தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு ஓணத்துக்கு முந்திய நாட்களில் மூச்சுவிட நேரம் இருக்காது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு கணக்கு இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டம் இரண்டு கடற்கரைகளிலும் கால் வைத்திருப்பதால் இரண்டு தடைக்காலங்களும் இங்கே உண்டு. சின்னமுட்டத்து மாணவருக்கு ஓய்வு கிடைக்கும் மே மாதத்தில் குளச்சல் மாணவர் கடலில் இருப்பார். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. அதில் போகும் மாணவர் "தொடர்பில் இல்லை" என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம். படகு கிளம்பும் முன் அவர் கையில் என்ன கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

இந்தத் தாள்களை வாங்கிக் கோப்பில் போட்டுவிடாதீர்கள். ஒரு சுவர் நாட்காட்டியில் ஒவ்வொரு தொழிலின் முடங்கும் வாரங்களையும் வண்ணப் பென்சிலால் குறியுங்கள். ஒப்படைப்புக்குக் கடைசித் தேதியை நாமே முடிவு செய்யும் இடங்களில், அந்த நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: படிப்பு எத்தனை மணி நேரம் கேட்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள்

திறந்தநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் உள்ள ஒரு தாளுக்கு 120 மணி நேரம். பருவத்தில் படிக்க 16 வாரங்கள் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் தாளுக்கு வாரம் ஏழரை மணி நேரம். அப்படி ஐந்து தாள்கள் என்றால் வாரம் முப்பத்தேழரை மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு இந்த நேரத்தை எடுக்க எத்தனை பேரால் முடியும்?

"வீட்டிலிருந்தே எளிதாகப் பட்டம்" என்று சொல்லித்தான் பலரைச் சேர்க்கிறார்கள். முதல் பருவத்தில் தோற்றவர் தன் மூளைக்குத்தான் குறை என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்தக் கணக்கை முதல் நாளே கரும்பலகையில் போட்டுக் காட்டுவது ஆசிரியரின் கடமை என்று நான் நினைக்கிறேன். அதன்பின் மாணவரோடு உட்கார்ந்து, இந்தப் பருவத்தில் எந்தத் தாள்களை முழு மூச்சாக எழுதுவது, எதை அடுத்த முறைக்கு வைப்பது என்று திட்டமிடுங்கள். இதற்கு விதிகளில் இடம் உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பை ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம். மற்றப் பல்கலைக்கழகங்களும் கூடுதல் ஆண்டுகள் தருகின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி, நகலெடுத்து, மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

மூன்றாம் படி: பாடநூலுக்கு ஒரு வழித்தாள் எழுதுங்கள்

தொலைநிலைப் பாடநூல் மாணவரோடு பேச வேண்டும் என்று சொன்னவர் சுவீடனைச் சேர்ந்த போர்யே ஹோல்ம்பெரி. ஆசிரியர் பக்கத்தில் இல்லாததால், நூலே கேள்வி கேட்டு, ஊக்கப்படுத்தி, வழிகாட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. நம் கைக்கு வரும் நூல்களில் பல அப்படி எழுதப்பட்டவை அல்ல. நூலை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பக்க வழித்தாள் எழுத நம்மை யாரும் தடுக்கவில்லை.

வழித்தாளில் என்ன இருக்க வேண்டும்? எந்தப் பக்கத்தில் தொடங்குவது, முதல் வாசிப்பில் எதைத் தாண்டிப் போகலாம், எந்த இடத்தில் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள், படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டுப் பதில் சொல்ல வேண்டிய மூன்று கேள்விகள். ஆங்கிலத்தில் நூல் வந்தால் பதினைந்து கலைச்சொற்களுக்குத் தமிழ் விளக்கம். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மலையாள வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் வருவார்கள். அவர்களுக்குத் தமிழ்க் கலைச்சொல்லும் புதிதுதான். அதற்கு ஓர் எளிய வாக்கியத்தைச் சேர்த்து எழுதுங்கள்.

தடுக்கி விழும் இடத்தைச் சொல்வதுதான் வழித்தாளின் உயிர். பொருளாதாரத்தில் தேவை விதியை எடுத்துக்கொள்வோம். விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்கிறது நூல். தோவாளைச் சந்தைக்கு அருகில் வளர்ந்த ஒரு மாணவர் எழுந்து, "முகூர்த்த நாளில் பிச்சிப்பூ விலையும் ஏறுகிறது, விற்பனையும் கூடுகிறது, விதி பொய்யாகிவிட்டதே" என்று கேட்டார். அருமையான கேள்வி. முகூர்த்த நாளில் மாறியது விலை மட்டும் அல்ல. ஒவ்வொரு விலையிலும் வாங்கத் தயாராக இருப்பவர்களின் எண்ணிக்கையே கூடிவிட்டது. தேவைக் கோடு முழுவதும் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. மற்றவை மாறாதபோது விலை மட்டும் ஏறினால் என்ன ஆகும் என்பதைத்தான் விதி சொல்கிறது. கோட்டின் மேல் நகர்வதும் கோடே நகர்வதும் வேறு வேறு. இந்த ஒரு பத்தியை வழித்தாளில் சேர்த்த பிறகு, விடைத்தாள்களில் அந்தக் குழப்பம் வெகுவாகக் குறைந்தது. ரப்பர் விலை, மீன் ஏலம், முந்திரித் தொழிற்சாலைக் கூலி என்று மாணவர் அறிந்த பொருளாதாரம் அவரைச் சுற்றியே இருக்கிறது. எடுத்துக்காட்டை அங்கிருந்து எடுங்கள்.

வழித்தாளை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசிய பின் இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போனில் மட்டும் இருந்த பாடம் அந்த நாட்களில் யாருக்கும் பயன்பட்டிருக்காது.

நான்காம் படி: காணொளியைவிட ஒலிப்பதிவை முன்னே வையுங்கள்

ஒரு மணி நேர விரிவுரையைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை அலசியது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. எனவே ஒரு பதிவில் ஒரே ஒரு கருத்து, ஆறு நிமிடம். அதற்கு மேல் போனால் இரண்டாக வெட்டுங்கள்.

பேச்சு மட்டும் போதுமான இடத்தில் குரல் பதிவே நல்லது. நொடிக்கு 32 கிலோபிட் தரத்தில் ஆறு நிமிடக் குரல் பதிவு ஏறத்தாழ ஒன்றரை எம்பி அளவில் அடங்கிவிடும். பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் வந்து போகும் இடங்களிலும் அது இறங்கிவிடும். ஆழ்கடலுக்குப் போகும் மாணவர் கிளம்பும் முன் முழுப் பருவத்துக்கான பதிவுகளையும் செல்போனில் சேமித்துக்கொள்ளலாம். கணக்கு, வரைபடம், அட்டவணை போன்றவற்றுக்கு மட்டும் காணொளி எடுங்கள். அதில் உங்கள் முகத்தைவிட எழுதும் கை தெரிவது முக்கியம்.

ஓர் எச்சரிக்கை. "வேலை செய்துகொண்டே கேளுங்கள்" என்று எல்லாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நானும் முதலில் அப்படிச் சொன்னேன். இருட்டில் பால் வெட்டும்போது காதில் எதையும் மாட்ட முடியாது, காட்டுப் பன்றியோ யானையோ வருவதைக் காதுதான் முதலில் சொல்லும் என்று ஒரு மாணவர் விளக்கினார். ஷீட் காயப்போடும் நேரமும் பஸ் பயணமும் கேட்பதற்கு ஏற்றவை என்றும் அவரே சொன்னார்.

ஐந்தாம் படி: நேரடி வகுப்பில் விரிவுரையைக் குறையுங்கள்

மாணவர் ஒரு நாள் கூலியையோ, வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வையோ விட்டுவிட்டு வருகிறார். அவருக்கு நூலை வாசித்துக் காட்டுவது அந்த நாளுக்குச் செய்யும் அவமதிப்பு. நேரில் இருக்கும்போது மட்டுமே நடக்கக்கூடியதை நேரடி வகுப்பில் செய்யுங்கள்.

முதலில் நேரம். இந்த மாவட்டத்தில் ஞாயிறு காலை என்பது ஏராளமான குடும்பங்களுக்குத் தேவாலய நேரம். காலை ஒன்பதரைக்கு வகுப்பு என்று போட்டுவிட்டு, பாதிப் பேர் வரவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை. பதினொன்றரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்தால், வழிபாட்டை முடித்துவிட்டு வரவும் முடியும், மலைப்பக்க பஸ்ஸைப் பிடிக்கவும் முடியும். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, சுசீந்திரம் தேரோட்டம் ஆகிய நாட்களையும் அட்டவணை போடும்போதே பார்த்துவிடுங்கள்.

வகுப்பின் முதல் இருபது நிமிடங்களில் நூலை மூடி வைத்துவிட்டு, போன அலகிலிருந்து நினைவில் உள்ளதை வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் கிடையாது, தாளை நீங்கள் வாங்கவும் வேண்டாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதன் பலனைக் காட்டியது. படித்து ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நம் மாணவர்கள் தேர்வு எழுதுவது படித்த ஐந்தாம் நிமிடத்தில் அல்ல.

அடுத்த ஒரு மணி நேரம், மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேள்விக்கு விடையின் எலும்புக்கூட்டை எழுதட்டும். நீங்கள் குழுக்களிடையே நடந்துகொண்டே இருங்கள். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு பேனா பிடிக்கும் ஒரு பெண், கல்லூரியிலிருந்து இடைநின்ற இளைஞர், ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ஆகியோர் ஒரே தாளின் மேல் குனிந்திருப்பார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டாலே அடுத்து எதை விளக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கடைசி அரை மணி நேரம் மட்டும் உங்கள் விளக்கம்.

ஆறாம் படி: ஒப்படைப்பில் எழுதுங்கள்

எனக்கு ஒரு படியை மட்டும் செய்ய அனுமதி கிடைத்தால் இதைத்தான் செய்வேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தொலைநிலைப் படிப்பில் ஒப்படைப்பு உள்ளிட்ட தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 விழுக்காடும், பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. அந்த 30 விழுக்காட்டை மதிப்பெண் சேர்க்கும் வழியாகவே பார்க்கிறோம். ஆனால் தேர்வுக்கு முன் மாணவர் தன் எழுத்தை ஓர் ஆசிரியரின் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான்.

ஒவ்வொரு ஒப்படைப்பிலும் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். முதல் வாக்கியம், எது சரியாக வந்திருக்கிறது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, எங்கே, ஏன் மதிப்பெண் குறைந்தது என்று. மூன்றாவது, அடுத்த விடையில் செய்ய வேண்டிய ஒரே ஒரு மாற்றம். "நன்று", "முயற்சி தேவை", "விரிவாக எழுதவும்" ஆகியவை எதையும் சொல்வதில்லை. "காரணங்கள் நான்கையும் சரியாகப் பட்டியலிட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வி ஒப்பிடச் சொல்கிறது. நீங்கள் இரண்டையும் தனித்தனியாக விவரித்து நிறுத்திவிட்டீர்கள், அங்கேதான் 5 மதிப்பெண் குறைந்தது. அடுத்த முறை விடையை எழுதத் தொடங்கும் முன் கேள்வியின் வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள்." இப்படி எழுத நான்கு நிமிடம் ஆகும். நாற்பது ஒப்படைப்புக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வரை போகும். சுமைதான், மறுக்கவில்லை. நேரம் போதாவிட்டால் எழுத்துப்பிழைகளை வட்டமிடுவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை இந்த மூன்று வாக்கியங்களுக்குக் கொடுங்கள்.

திருத்திய தாள் தேர்வுக்கு முன் மாணவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தாள்கள் மையத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதியானால், உங்கள் குறிப்பை மட்டும் செல்போனில் படமெடுத்து அவரவருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள்.

அப்படியே பார்த்து எழுதிய ஒப்படைப்புகள் வருவது உண்டு. கேள்வியை மாற்றுவதே அதற்கு மருந்து. "பணவீக்கத்தின் காரணங்களை விளக்குக" என்பதற்குப் பதிலாக, உங்கள் வீட்டின் மூன்று மாத மளிகைச் செலவை வைத்துப் பணவீக்கத்தை விளக்கச் சொன்னால், யாருடையதையும் பார்த்து எழுத முடியாது. கேள்வி பல்கலைக்கழகத்திலிருந்து வருமானால், அதனுடன் இப்படி ஒரு பத்தி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: சத்தமில்லாமல் நின்றுபோகிறவரைத் தேடுங்கள்

வகுப்பில் கேள்வி கேட்பவர் தப்பித்துவிடுவார். ஒன்றும் கேட்காமல் மூன்றாம் வாரத்திலிருந்து வராமல் போகிறவரை யாரும் கவனிப்பதில்லை. மூன்றாம் வாரத்தின் முடிவில் பதிவேட்டை எடுத்து, வகுப்புக்கும் வராத, செய்திக்கும் பதில் தராத பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். முதல் படியில் எழுதி வாங்கிய நேரத்தைப் பார்த்து அழையுங்கள். கணவரின் கையிலோ மகனின் கையிலோ செல்போன் இருக்கும் வேளையில் அழைத்தால் அந்தப் பெண்ணுக்குத் தர்மசங்கடம்தான் மிஞ்சும்.

"ஏன் வரவில்லை?" என்று தொடங்காதீர்கள். "இந்த வாரம் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "புத்தகத்தைத் திறக்கவே இல்லை, டீச்சர்" என்று பதில் வந்தால், "சரி, நாளை வழித்தாளின் முதல் கேள்வியை மட்டும் பாருங்கள், வெள்ளிக்கிழமை மறுபடியும் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை கட்டாயம் கூப்பிடுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு அழைக்காமல் இருப்பது, அழைக்கவே செய்யாததைவிடக் கேடு. சிலர் படிப்பை விடத்தான் வேண்டியிருக்கும். அவர்களுக்கு மறுசேர்க்கை விதிகளையும், இதுவரை எழுதித் தேறிய தாள்கள் எதுவரை செல்லும் என்பதையும் சொல்லி மரியாதையோடு அனுப்புங்கள்.

எட்டாம் படி: பஸ் தடத்தை வைத்துப் படிப்புக் குழு

பாடவாரியாகவோ பெயர் வரிசைப்படியோ குழு பிரித்தால் அவர்கள் சந்திக்கவே மாட்டார்கள். களியக்காவிளை–மார்த்தாண்டம், கருங்கல்–குளச்சல், குலசேகரம்–திருவட்டாறு, தோவாளை–ஆரல்வாய்மொழி என்று பஸ் தடத்தை வைத்து ஐந்து பேராகப் பிரியுங்கள். கிளை நூலகம், ஊர்ப் படிப்பகம், ஆலய வளாகம் என இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட ஓர் இடம் கிடைக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு பணி கொடுங்கள். பணி இல்லாத குழு இரண்டாம் கூட்டத்தோடு கலைந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு விதிகள் போதும். ஒன்று, பாடமும் அறிவிப்பும் தவிர வேறெதுவும் வேண்டாம். மற்றொன்று உங்களுக்கு: கேள்விகளுக்குப் பதில் தரும் நேரத்தை முன்னரே சொல்லி, அந்த நேரத்தில் தவறாமல் பதில் தாருங்கள். நாள் முழுவதும் பதில் சொல்ல முயன்றால் நீங்கள் சோர்ந்துவிடுவீர்கள்.

ஒன்பதாம் படி: தேர்வுக்கு முன்

மூன்று மணி நேரம் தொடர்ந்து கையால் எழுதிப் பல ஆண்டுகள் ஆனவர்கள் நம் மாணவர்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன் ஒருமுறையேனும் முழு மாதிரித் தேர்வு எழுத வையுங்கள். ஹால் டிக்கெட், தேர்வு மையத்துக்கு முதல் பஸ் ஆகியவற்றைக் குழுவாகவே சரிபார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர்த் தேர்வென்றால் வடகிழக்குப் பருவமழைக் காலம். அருவிக்கரைப் பக்கமிருந்தோ மலையோரத்திலிருந்தோ வருபவர் முந்திய இரவு நகரத்தில் தங்க ஒரு வீடு தேவைப்படலாம். பஸ் தடக் குழு இங்கே கைகொடுக்கும்.

பத்தாம் படி: பருவத்தின் நடுவே கேளுங்கள்

கருத்துப் படிவத்தைப் பருவம் முடிந்தபின் நிரப்பினால், அதனால் நிரப்பிய மாணவருக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆறாம் வாரத்தில் பெயர் எழுதாத சீட்டில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, அடுத்த வகுப்பில் எதை மாற்றலாம். அதில் ஒன்றையாவது அடுத்த வகுப்பிலேயே மாற்றி, "நீங்கள் கேட்டதால் மாற்றினேன்" என்று சொல்லுங்கள். முடியாததை ஏன் முடியாது என்று விளக்குங்கள்.

இவற்றையெல்லாம் நான் ஒரு நீள நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம்: வேலை நேரம், அழைக்க ஏற்ற நேரம், ஒப்படைப்பில் நான் சொன்ன அந்த ஒரு மாற்றம், அடுத்த ஒப்படைப்பில் அது வந்ததா என்பது. ஆலோசகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அடுத்து வருபவர் கையில், மாணவரின் சம்மதத்தோடு, இந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். குலசேகரத்து மாணவியின் பக்கத்தில், "கேள்வி ஒப்பிடச் சொன்னால் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்" என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அடுத்த பருவத்துத் தேதியோடு ஒரு வரி இருக்கிறது: "ஒப்பிட்டிருக்கிறார். 30க்கு 26. மீதி நான்கும் எங்கே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்."